அமெரிக்காவில் மத சுதந்திரம் எந்தக் கட்சியின் சொத்து?

வாசகர் கேள்வி, 18 மே 2025

அமெரிக்காவில் மதத்துக்குக் காவல் குடியரசுக் கட்சிதான். ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு மதம் என்றாலே கசப்பு. இந்த மாதம் முதல் தேதி ட்ரம்ப் மத சுதந்திர ஆணையம் ஒன்றையே அமைத்துவிட்டார். அங்கே அரசியல் படிக்கிறவர் நீங்கள். மறுக்க முடியுமா?

19 மே 2025

முடியும், ஐயா. ஆனால் இந்தக் கட்சி கெட்டது, அந்தக் கட்சி நல்லது என்று எதிர்ப்பாட்டு பாட நான் வரவில்லை. ஆணையத்தை ஓரமாக வைத்துவிடுவோம். அதன் தலைவர் டெக்சஸ் மாநிலத் துணை ஆளுநர் டான் பேட்ரிக், துணைத் தலைவர் பென் கார்சன். ஆளுங்கட்சி தன் ஆட்களை வைத்து அமைக்கும் குழு எந்த ஊரிலும் எதையும் நிரூபித்ததில்லை.

1990-க்கு வாருங்கள். ஆரெகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு நிலையம் ஒன்றில் ஆலோசகர்களாக இருந்த ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் என்ற இருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பூர்வகுடித் திருச்சபையின் வழிபாட்டில் பெயோட்டி என்ற கள்ளியை உண்டதுதான் குற்றம். அந்தச் சபையில் அது புனித உணவு. ஆரெகன் சட்டத்தில் அது போதைப்பொருள். வேலையிழந்தோருக்கான உதவித்தொகையும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மதத்தின் பெயரால் விலக்குக் கேட்கும் உரிமை அரசமைப்பில் இல்லை என்று எழுதியவர் நீதிபதி ஸ்கலியா. ரீகன் நியமித்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர், வலதுசாரி வழக்கறிஞர்கள் இன்றும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர். அந்தக் கள்ளி தின்றவர்களுக்காக மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்கள் யார்? பிளாக்மன், பிரென்னன், மார்ஷல்: தாராளவாதிகள் என்று பெயரெடுத்த மூவர். அதே பிரென்னன்தான் 1963-இல், தன் மதத்தின் ஓய்வுநாளான சனிக்கிழமை வேலை செய்ய மறுத்து நூற்பாலை வேலையை இழந்த தென் கரோலினாப் பெண் ஒருவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பு எழுதியவர். ஓய்வுநாளுக்கு ஒரு நீதி, கள்ளிக்கு வேறு நீதியா என்று அன்று கொதித்தவர்களில் இடதுசாரிகளும் ஏராளம்.

கொதிப்பு சட்டமாயிற்று. 1993-இல் வந்த மத சுதந்திர மீட்புச் சட்டத்தைக் கீழவையான பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சியின் சக் ஷூமர். செனட்டில் அதே கட்சியின் டெட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்சும் கைகோத்தார்கள். 97-க்கு 3 என்று செனட்டில் நிறைவேறியது; கீழவையில் குரல் வாக்கோடு முடிந்தது. குடிமை உரிமைகளுக்காக வழக்காடும் சங்கத்தாரும் சுவிசேஷ சபையினரும் ஒரே மேடையில் நின்றார்கள். சட்டமியற்றும் இடத்திலும் அற்புதங்கள் நடக்கும் என்று கையெழுத்திட்ட நாளில் கிளிண்டன் வேடிக்கையாகச் சொன்னார். சட்டம் சொல்வது இதுதான்: ஒருவருடைய மத வழக்கத்துக்கு அரசு கணிசமாக இடையூறு செய்தால், அதற்குத் தவிர்க்க முடியாத காரணம் இருக்க வேண்டும், அதைச் சாதிக்க அதைவிட இலேசான வழி இல்லை என்றும் காட்ட வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது.

ஆகவே உங்கள் கட்சிக்காரர்கள் இன்று ஏந்தும் வாள், ஷூமர் பட்டறையில் அடித்தது.

20 மே 2025, இரவு

இன்று பென்சில்வேனியாவில் முதனிலைத் தேர்தல், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு. பிட்ஸ்பர்கில் என் வீட்டுக்கார அம்மாவுக்கு முழங்கால் வலி. துணைக்குப் போனேன்.

வாக்குச்சாவடி ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடம். நம் ஊரில் வழிபாட்டு இடங்களில் சாவடி அமைப்பதில்லை; பள்ளிக்கூடத்தைத் தேடுவோம். இங்கே யாரும் அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஓட்டு இல்லாத நான் வாசலோடு நின்றுகொண்டேன். சுவரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய நோவாவின் பேழை. ஒட்டகச்சிவிங்கி பாதி கழன்று தொங்கியது. அதற்குக் கீழே அட்டைத் தடுப்பு வைத்த மேசையில் அம்மா பேனாவால் வட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். தாளை எந்திரம் இழுத்துக்கொள்ள அடம்பிடித்தது. மூன்றாம் முறை விழுங்கியது. வாசலில் சபைப் பெண்கள் எலுமிச்சை கேக் விற்றார்கள். அரசும் மதமும் தனித்தனி என்று பிழைப்புக்குப் படிக்கிறவன் ஒரு துண்டு வாங்கித் தின்றேன்.

இன்னொரு விசித்திரம்: இந்த மாநிலத்தில் வாக்காளர் பதிவிலேயே கட்சியைச் சொல்லலாம், கட்சியில் பதிந்தவருக்குத்தான் அந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஓட்டு. அம்மா ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர். அதிபர் தேர்தலில் பல காலமாகக் குடியரசுக் கட்சிக்கே போடுகிறார். பதிவை மாற்றக் கூடாதா என்று கேட்டேன். "அப்பா எஃகு ஆலையில் இருந்தவர். கென்னடி படத்துக்குக் கீழேதான் எங்களுக்குச் சாப்பாடு. மாற்றினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" அப்பா இறந்து பல்லாண்டுகள் ஆகின்றன.

22 மே 2025

கேள்வி கேட்ட ஐயா மடக்குகிறார்: "கிளிண்டன் காலம் வரை இரண்டு கட்சியும் ஒன்றாக இருந்ததென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு விலகிப் போனது ஜனநாயகக் கட்சிதானே?"

பாதி சரி. விலகினார்கள், ஏன் என்பதையும் பார்க்க வேண்டும். 2014-இல் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடைத்தொடரின் உரிமையாளர் குடும்பம், பெண் ஊழியர்களின் காப்பீட்டில் அரசு விதிப்படி சில கருத்தடை முறைகளைச் சேர்ப்பது தங்கள் விசுவாசத்துக்கு விரோதம் என்று வழக்காடியது. வென்றது. 5-4. பெரும்பான்மையில் இருந்த ஐவரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். எதிர்த்த நால்வரும் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். ஆயுதம் அதே 1993 சட்டம். மறு ஆண்டே இந்தியானாவில் ஆளுநர் மைக் பென்ஸ் மாநில அளவில் அதே போன்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓரினச் சேர்க்கையாளர்களைக் கடையிலிருந்து விரட்ட வழிசெய்கிறது என்று பெருநிறுவனங்களே எழுந்து நிற்க, ஒரு வாரத்தில் திருத்தம் போட்டார்.

விலகலின் காரணம் இதுதான். கள்ளி தின்ற ஸ்மித்துக்கு விலக்குக் கொடுத்திருந்தால் வேறு யாருக்கும் நஷ்டமில்லை. ஹாபி லாபி முதலாளிக்குக் கொடுத்த விலக்கின் விலை, கடையில் நிற்கும் பெண்ணின் காப்பீட்டில் இறங்குகிறது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மதத்தை வெறுக்கத் தொடங்கினார்கள் என்பதைவிட, அடுத்தவர் செலவில் வரும் விலக்கை வெறுக்கத் தொடங்கினார்கள் என்பதே பொருந்தும்.

இதை வைத்துக்கொண்டு அவர்களுக்கு நற்சான்று எழுதிவிடாதீர்கள். அந்த எரிச்சலில் அந்தச் சட்டத்தையே சில வழக்குகளில் செல்லாததாக்கும் மசோதாக்களுக்கு வந்துவிட்டார்கள். 2019-இலும் 2021-இலும் கீழவையில் நிறைவேறிய சமத்துவ மசோதாவில், 1993 சட்டத்தைத் தற்காப்பாகக் காட்டக் கூடாது என்ற பிரிவு இருக்கிறது. தாங்கள் பெற்ற பிள்ளையைத் தாங்களே பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள்.

23 மே 2025

நேற்றைய குறிப்போடு சேர்க்க வேண்டியது. யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் நீதிபதிகள் கட்சியை மறந்துவிடுகிறார்கள். 2015-இல் ஆர்கன்சா சிறையில் இருந்த ஒரு முஸ்லிம் கைதி அரை அங்குலத் தாடி வைக்க அனுமதி கேட்டார். ஒருமனதாகக் கொடுத்தார்கள், எழுதியவர் நீதிபதி அலிட்டோ, ஹாபி லாபி தீர்ப்பை எழுதிய அதே அலிட்டோ. 1993-இல் ஃபுளோரிடாவின் ஹயலியா நகராட்சி, சான்டேரியா சமயத்தாரின் ஆடு, கோழி பலியைத் தடுக்க அவர்களைக் குறிவைத்தே சட்டம் போட்டபோதும் ஒருமனதாக அடித்துத் தள்ளினார்கள்.

அதைப் படித்த அன்று எனக்கு 2003 நினைவுக்கு வந்தது. 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி ஜெயலலிதா அரசு அமல்படுத்தியதும், 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டதும். ஃபுளோரிடாவில் நீதிமன்றம் காப்பாற்றிய கிடாவெட்டை நம் ஊரில் ஓட்டுப்பெட்டி காப்பாற்றியது. எங்கள் குலசாமிக்கு இரண்டுமே சம்மதம்.

28 மே 2025

நேற்று உச்ச நீதிமன்றம் ஓக் ஃபிளாட் வழக்கைக் கேட்கவே மறுத்துவிட்டது. இந்த இழையில் எழுதியதையெல்லாம் எதற்கு எழுதினேன் என்றால் இதற்குத்தான்.

அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே இருக்கிற மேட்டுநிலம். மேற்கு அப்பாச்சி மக்களுக்கு அது தெய்வங்கள் உறையும் இடம். பருவமெய்திய பெண்களுக்கு அங்கே நாள் கணக்கில் சடங்கு நடத்துவார்கள். அந்த மண்ணுக்கு அடியில் செம்பு. ரியோ டின்டோ, பிஎச்பி என்ற இரு பெருநிறுவனங்களின் கூட்டுச் சுரங்கம் வந்தால், நிலம் உள்வாங்கி ஏறத்தாழ இரண்டு மைல் அகலத்துக்குப் பள்ளம் விழும். கோயிலைப் பூட்டுவது வேறு, கோயில் நின்ற பூமியையே இல்லாமல் ஆக்குவது வேறு. இரண்டாவது நடக்கப்போகிறது.

கட்சிக் கணக்கைப் பாருங்கள். நிலத்தைச் சுரங்கத்துக்கு மாற்றிக்கொடுக்கும் பிரிவை 2014 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டு மசோதாவில் செருக முன்னின்றவர் செனட்டர் மெக்கெய்ன், குடியரசுக் கட்சி. மசோதாவில் கையெழுத்திட்டவர் ஒபாமா, ஜனநாயகக் கட்சி. பதவி முடியும் வாரத்தில் சுற்றுச்சூழல் அறிக்கையை வெளியிட்டு அவசரப்படுத்தியது ட்ரம்ப் அரசு. அதை நிறுத்திவைத்த பைடன் அரசே, நீதிமன்றத்தில் நிலமாற்றத்துக்கு ஆதரவாக வாதாடியது. கீழ் நீதிமன்றத்தில் 6-5 என்று அப்பாச்சிகள் தோற்றார்கள்: அரசு தன் நிலத்தைத் தான் நினைத்தபடி செய்வது மத வழக்கத்துக்குக் கணிசமான இடையூறு ஆகாதாம். பெண்ணின் காப்பீட்டில் முதலாளி கருத்தடையைச் சேர்ப்பது கணிசமான இடையூறு. தெய்வம் உறையும் மேட்டைப் பள்ளமாக்குவது இடையூறில்லை.

வழக்கை ஏற்றிருக்க வேண்டும் என்று எழுதியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி கோர்சச். கூடச் சேர்ந்தவர் தாமஸ். இருவரும் வலதுசாரிகள். ஒரு பழம்பெரும் பேராலயத்தை இடிப்பதாக இருந்தால் இப்படிச் செய்வோமா என்று கேட்டிருக்கிறார் கோர்சச். அப்பாச்சிகளுக்காக வாதாடியது மத சுதந்திர வழக்குகளை நடத்தும் பெக்கெட் அமைப்பு, ஹாபி லாபிக்காக வாதாடிய அதே அமைப்பு. நீதிமன்றத்தின் மூன்று தாராளவாதிகளில் ஒருவர்கூட கோர்சச்சோடு சேரவில்லை. வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். குடியரசுக் கட்சிப் பையன் ஒருவன், மின்வாகனத்துக்குச் செம்பு எங்கிருந்து வரும் என்று கேட்டான். அவன் கேள்விக்கும் பதில் வரவில்லை.

என் கட்சி இப்போது தெரிந்திருக்கும்: எண்ணிக்கையில் சிறுத்த, புத்தகமும் கட்டடமும் இல்லாத, மண்ணையே சாமியாகக் கும்பிடுகிறவர்களின் கட்சி. அதற்கு இங்கே சின்னம் கிடையாது.

29 மே 2025

மின்வாகனக் கேள்வியைப் பற்றி ஒரு அன்பர் நான்கு பத்தி எழுதியிருக்கிறார். செம்பு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பேராலயத்துக்கு அடியில் செம்பு இருந்தால் தோண்டுவார்களா என்பதற்கு மட்டும் அவர் ஒரு வரி எழுதட்டும்.

4 ஜூன் 2025

இந்துக்களுக்கு எந்தக் கட்சி நல்லது என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். இந்த ஊர்த் தமிழர்கள் காரில் ஏறினால் முதலில் பேசுவதும் இதுதான்.

2007 ஜூலையில் செனட்டில் முதல்முறையாக ஓர் இந்து மத குரு வழிபாட்டுரை சொன்னார். அழைத்தது ஜனநாயகக் கட்சி ஆளுகையில் இருந்த செனட். பார்வையாளர் மாடத்திலிருந்து கிறிஸ்தவத் தீவிரர்கள் கத்தி நிறுத்தப் பார்த்தார்கள், காவலர்கள் இழுத்துப்போனார்கள். 2024-இல் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் ஹர்மீத் தில்லான் சீக்கிய வேண்டுதலைச் சொன்னார். அவரை இணையத்தில் வசைபாடியவர்களில் பலர் அவருடைய கட்சிக்காரர்களே. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமி அயோவாவில் ஓட்டுக் கேட்டபோது, இந்துவை எப்படி அதிபராக ஏற்பது என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சென்னைத் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தவர். அவருக்காக துளசேந்திரபுரத்தில் அபிஷேகம் நடந்தது. யார் எந்த மதம் என்று யாரைக் கேட்டு எழுதுவது?

நல்ல காலம் என்று சொன்னால் 1786-ஐச் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவில் ஜெஃபர்சனின் மத சுதந்திரச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது 'இயேசு கிறிஸ்து' என்ற பெயரைச் சேர்க்கச் சிலர் முயன்றார்கள்; பெரும்பான்மையினர் மறுத்தார்கள். யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எந்தச் சமயத்தையும் நம்பாதவர் என அனைவரையும் அந்தச் சட்டம் காக்கவேண்டும் என்பதே அதற்குப் பொருள் என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார் ஜெஃபர்சன். அதை எழுதியபோது அவர் பக்கத்து வீட்டில் இந்து யாரும் இல்லை. அவர் தோட்டத்தில் அடிமைகள் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

5 ஜூன் 2025

பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயில் புளியோதரையைப் பற்றி எழுதாமல் பிட்ஸ்பர்க்காரன் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறாய் என்று கேட்டவருக்கு: நன்றாக இருக்கிறது. தயிர்சாதம் அதைவிட நன்றாக இருக்கிறது. விவாதத்துக்குத் திரும்புவோம்.

23 ஜூன் 2025

லூசியானாவில் ஒவ்வொரு அரசுப் பள்ளி வகுப்பிலும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்ற சட்டம் செல்லாது என்று வெள்ளிக்கிழமை மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறுநாளே டெக்சஸ் ஆளுநர் அதே போன்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். இப்படிச் சுடச்சுட எதிர்நடை போடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். 1980-இல் கென்டக்கியின் இதே சட்டத்தை உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. நீதிமன்றம் மாறிவிட்டது, ஆகவே மறுபடி தட்டிப் பார்ப்போம் என்பதுதான் கணக்கு.

டெக்சஸ் அட்டையின் அளவு 16-க்கு 20 அங்குலம். அதில் எழுத வேண்டிய வாசகமும் சட்டத்திலேயே இருக்கிறது. என் ஐயம் எளியது: யாருடைய பத்து? கத்தோலிக்கர்கள் எண்ணும் வரிசை வேறு, பெரும்பாலான புராட்டஸ்டன்டுகள் எண்ணும் வரிசை வேறு, யூதர்களுக்கு முதல் கட்டளையே வேறு. வீட்டுக்கார அம்மாவிடம் வாசகத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டு, "இது எங்களுடையது இல்லை" என்றார். ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டவர்.

28 ஜூன் 2025

நேற்று இன்னொரு பெரிய தீர்ப்பு: மஹ்மூத் எதிர் டெய்லர், 6-3. மேரிலாந்தில் மான்ட்கோமரி மாவட்டப் பள்ளிகள் ஓரினச் சேர்க்கையாளர் பற்றிய கதைப்புத்தகங்களைச் சிறுவர் வகுப்பில் வைத்தன. பிள்ளைகளை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள விரும்பிய பெற்றோருக்கு முதலில் அனுமதி இருந்தது, பிறகு மறுத்தார்கள். முஸ்லிம், கத்தோலிக்க, கிழக்குத் திருச்சபைப் பெற்றோர் சேர்ந்து வழக்காடி வென்றார்கள். ஆறு பேரும் குடியரசுக் கட்சி நியமனங்கள்.

இதே நீதிமன்றம் 2018-இல் முஸ்லிம் நாடுகள் சிலவற்றின் மீதான ட்ரம்பின் பயணத் தடையை 5-4 என்று காத்தது. முஸ்லிம் வாசலில் வந்தால் ஒரு முகம், கத்தோலிக்கரோடு சேர்ந்து பள்ளிக்கு வந்தால் வேறு முகம்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு இரண்டு மனம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மாக்கள் இருக்கலாம். அவர்கள் கதை வரும்போது மற்றப் பிள்ளைகள் எழுந்து வெளியே போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? என்னுடைய 'அடுத்தவர் செலவு' அளவுகோலை இங்கேயும் வைத்தால் பெற்றோர் பக்கம் நிற்க முடியாது.

ஆனால் 1844 வந்து குறுக்கே நிற்கிறது. இதே பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியாவில் அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்டுகளின் ஜேம்ஸ் மன்னர் பைபிளைப் படிக்க வைத்தார்கள். ஐரியக் கத்தோலிக்கரின் ஆயர், எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பைபிள் போதும், அந்த வாசிப்பிலிருந்து விட்டுவிடுங்கள் என்று கேட்டார். பைபிளையே ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று வதந்தி. கலவரத்தில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். அன்று விலக்குக் கேட்டவர்களின் புகலிடம் ஜனநாயகக் கட்சி. பிள்ளையை ஒரு பாடத்திலிருந்து விலக்கு என்ற அதே மனுவைத்தான் நேற்று அந்தக் கட்சியின் கோட்டையான மாவட்டம் நிராகரித்துத் தோற்றது. 1844-இல் கத்தோலிக்கர் பக்கம் நிற்பேன் என்று சொல்லிவிட்டு 2025-இல் மான்ட்கோமரிப் பெற்றோரை மட்டும் பிற்போக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விலக்குக் கொடுத்திருக்கலாம். புத்தகமும் வகுப்பிலேயே இருந்திருக்கலாம்.

கேள்வி கேட்ட ஐயா, இந்த ஒன்றில் உங்கள் பக்கம் பாதி வந்துவிட்டேன். ஓக் ஃபிளாட்டுக்கு நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

10 ஜூலை 2025

திங்கட்கிழமை வருமான வரித் துறை டெக்சஸ் நீதிமன்றம் ஒன்றில் ஒரு மனுவில் கையெழுத்திட்டிருக்கிறது. தேவாலயத்தில், தன் சபையாரிடம், வழிபாட்டோடு சேர்த்து ஒரு போதகர் இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொன்னால் வரிவிலக்கு போகாது என்று அரசே ஒப்புக்கொள்கிறது. வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் தேர்தலில் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்று 1954-இல் லிண்டன் ஜான்சன் செனட்டராக இருந்தபோது கொண்டுவந்த தடையில் பெரிய ஓட்டை.

கறுப்பினத் தேவாலயங்களில் தேர்தலுக்கு முந்தைய ஞாயிறுகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் வந்து நின்று கைகுலுக்குவது எப்போதும் உண்டு. ஆகவே இது ஒரு கட்சிக்கு மட்டும் இலாபம் என்று சொல்வதற்கில்லை. எனக்குப் பயம் வேறு: பிரசங்க மேடைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு, கட்சிக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கிடையாது. பணக்காரர்கள் எந்த உண்டியலில் போடுவார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதற்கு நீதிபதியின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. வந்தபின் எழுதுகிறேன்.

"இத்தனை பேசுகிறீர்களே, ஓட்டு இருந்தால் யாருக்கு?" என்று ஐயா கடைசியாகக் கேட்டிருக்கிறார். மாணவர் விசா கேட்பவர்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று போன மாதம் வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. டிசம்பரில் ஊருக்கு வந்து, சென்னைத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டியவன் நான். அந்தக் கேள்வியை ஊருக்கு வந்ததும் டீக்கடையில் கேளுங்கள்.